வினையே சொன்ன பிறகும் ஒரு ‘நான்’

‘நெப்பெக்’’. கலிஃபோர்னியாவின் பழங்குடி மொழியான யூரோக்கில் இந்த ஒரே சொல்லுக்குச் ‘சாப்பிடுகிறேன்’ என்று பொருள். ‘நெப்’ என்பது உண்ணுவதைக் குறிக்கும் வேர். கடைசியில் வரும் க்’ ஒலிதான் ‘நான்’. மூச்சை ஒரு நொடி தொண்டையில் அடைத்து, சட்டென்று வெடிக்க விட்டால் அந்த ஒலி வரும். தமிழில் அப்படி ஓர் ஒலி கிடையாது. அதே வினை ‘நெப்பெம்’ என்பது போல முடிந்தால், சாப்பிடுவது நீ.

சரி, வினையின் வாலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. அப்படியானால் ‘நெக்’ என்ற தனிச் சொல் எதற்கு? அதற்கும் ‘நான்’ என்றுதான் பொருள். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முதலில் மொழி இருக்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில் கிளமத் ஆறு பசிபிக் கடலில் கலக்கிறது. ஆற்றின் கடைசிப் பகுதியும் அதை ஒட்டிய கடற்கரையும் யூரோக் மக்களின் ஊர். ‘யூரோக்’ என்பது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ஆற்றின் மேல்புறம் வாழும் கருக் மக்களின் மொழியில் ‘யுருக்’ என்றால் ‘ஆறு போகும் பக்கம்’. அங்கே இருப்பவர்களுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீன்தான் யூரோக் மக்களின் உயிர்நாடி. அந்த மீனை அவர்கள் ‘நெப்புய்’ என்கிறார்கள். மேலே பார்த்த அதே ‘நெப்’ வேர்தான், ‘உண்ணப்படுவது’ என்று பொருள்.

இனி ‘நெக்’. தமிழ் தெரிந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ளப் பாதி வழி ஏற்கனவே தெரியும். ‘வந்தேன்’ என்றாலே போதும், வந்தது யாரென்று கேட்கத் தேவையில்லை. ஆனால் ‘வரவில்லை’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நானா, நீயா, அவர்களா? வினை வாய் திறக்காது, பெயரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

யூரோக்கிலும் இப்படி இரண்டு வகை வினைகள் உண்டு. ஒரு வகை, ஆளைக் காட்டும் விகுதியோடு வரும். இன்னொரு வகையில் விகுதியே இருக்காது. தமிழில் இந்தக் குறை சில வடிவங்களுக்கு மட்டும்தான். யூரோக்கில் விகுதி ஏற்காத வினைகள் ஏராளம், அன்றாடப் பேச்சில் சாதாரணமாக வருபவை. அந்த வினைகளுக்கு முன்னால் ‘நெக்’ வந்தால் அதில் அழுத்தம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. யார் என்று சொல்ல அங்கே வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

விகுதியுள்ள வினையோடு ‘நெக்’ சேரும்போது கதை வேறு. ‘நெப்பெக்’’ என்பதிலேயே ‘நான்’ இருக்கிறது. அதற்கு மேல் ‘நெக் நெப்பெக்’’ என்றால், ஒரே ஆள் இரண்டு முறை சொல்லப்படுகிறார். இந்த இரண்டாவது ‘நான்’ பெரும்பாலும் ஒரு வேலையோடுதான் வருகிறது. மற்றவர் இல்லை, நான் என்று பிரித்துக் காட்டலாம். பேச்சை இன்னொருவரிடமிருந்து தன் பக்கம் திருப்பலாம். நாம் ‘நானே’, ‘நான்தான்’ என்று இடைச்சொல்லை ஒட்டி அழுத்துகிறோம். இங்கே, தேவையில்லாத இடத்தில் சொல்லை வைப்பதே அழுத்தம் ஆகிறது. ஆக, ஒரு ‘நெக்’ அழுத்தத்துக்கு வந்ததா, வெறும் தேவைக்கு வந்ததா என்று அறிய, அந்தச் சொல்லையே உற்றுப் பார்த்துப் பயனில்லை. பக்கத்து வினையின் வாலைப் பார்க்க வேண்டும்.

பன்மைக்கு ‘நெக்கஹ்’, அதாவது நாங்கள் அல்லது நாம். அந்த வேறுபாட்டை யூரோக் காட்டுவதில்லை. ‘என்னை’ என்பதற்கு ‘நெக்கச்’.

பெயர்ச்சொற்களிலும் இந்த ‘ந’ ஒலி நுழைகிறது. ‘என் பெயர்’ என்பது ‘நெவ்’. முதலில் இருக்கும் ‘ந்’தான் ‘என்’. ஆனாலும் ஒரு யூரோக்காரர் தன்னை அறிமுகப்படுத்தும்போது ‘நெக் நெவ்’ என்றுதான் தொடங்குவார்: நான், என் பெயர் இன்னது. ஆள் முதலில் வந்து நிற்கிறார், பெயர் அப்புறம்.

இந்தச் சின்ன ‘ந’ ஒரு பெரிய வழக்கிலும் சாட்சி சொன்னது. 1913-இல் எட்வர்ட் சபீர் என்ற மொழியியலாளர், யூரோக்கும் அதன் பக்கத்து மொழியான வியோட்டும் அல்கோன்கிய மொழிகளின் உறவினர் என்று எழுதினார். அல்கோன்கிய மொழிகள் ராக்கி மலைகளுக்கு அந்தப் பக்கம், பெரிய ஏரிகளைச் சுற்றியும் அட்லாண்டிக் கரையிலும் பேசப்படுபவை. நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர். ஆனால் அங்கே ஓஜிப்வே என்ற அல்கோன்கிய மொழியில் ‘நான்’ என்பது ‘நீன்’, ‘நீ’ என்பது ‘கீன்’. ‘என்’, ‘உன்’ என்பதற்கு முன்னொட்டும் ‘ந’, ‘க’ ஒலிகளில்தான். யூரோக்கிலும் அப்படியே: ‘நெ’, ‘கெ’. ஓஜிப்வேயிலும் வினையே ஆளைச் சொல்லிவிடும், ‘நீன்’ என்று தனியாகச் சொன்னால் அது அழுத்தம். பலர் சபீர் சொன்ன உறவை ஏற்கவில்லை. தற்செயலாக ஒத்துப்போகும் ஒலிகள் என்றார்கள். 45 ஆண்டுகள் கழித்து, 1958-இல் மேரி ஹாஸ் என்ற மொழியியலாளர் அடுக்கடுக்காகச் சான்று காட்டிய பிறகுதான் அந்த வழக்கு முடிந்தது. அதே ஆண்டில்தான் ஆர். எச். ராபின்ஸ் எழுதிய யூரோக் இலக்கணமும் வெளிவந்தது.

குழந்தையிலிருந்தே இந்த மொழியைப் பேசி வளர்ந்த ஆர்ச்சி தாம்சன் 2013 மார்ச்சில் தம் 93-வது வயதில் காலமானார். அவரைப் போன்ற பெரியவர்களின் குரல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. யூரோக் பகுதியின் உயர்நிலைப் பள்ளிகளில் இப்போது மாணவர்கள் இந்த மொழியைப் படிக்கிறார்கள். இலக்கணப் புத்தகம் ‘நெக்’ எங்கே வரும் என்று சொல்லும். அதை எவ்வளவு அழுத்திச் சொல்வது, வினைக்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதெல்லாம் அந்தக் குரல்களைக் கேட்டால்தான் பிடிபடும்.