எரிமலைத் தீவுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகும் முன்

ஏப்ரல் மே வந்துவிட்டால் என் கிளினிக்கில் இந்த வரிசை தொடங்கிவிடும். "டாக்டரம்மா, ஆறு மாசம் அமெரிக்கா போறமுங்க, மாத்திரையெல்லாம் சேர்த்து எழுதிக் குடுத்துருங்க." பிரஷர், சுகர், தைராய்டு என்று நானும் எழுதிக் கொடுப்பேன். எழுந்து போகும்போது கதவருகே நின்று ஒரு சேதி சொல்வார்கள்: "பையன் ஹவாய்க்கும் கூட்டிட்டுப் போறானாம். எரிமலை, ஆமை எல்லாம் பாக்கலாமாம்." நான் அவர்களை மறுபடி உட்காரச் சொல்வேன்.

அப்படி உட்காரச் சொல்லத் தொடங்கியது ஒரு வாட்ஸ்அப் அழைப்புக்குப் பிறகுதான். கோவையில் காலை பதினொன்றரை, ஓபி நடந்துகொண்டிருக்கிறது. அங்கே முந்தைய நாள் இரவு எட்டு மணி. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வயது 68. இளமையில் வீசிங் உண்டு. பல வருடமாக இன்ஹேலர் தேவைப்படவில்லை. அன்று மதியம் கிலாவேயா எரிமலையின் விளிம்பில் குடும்பத்தோடு நின்றிருக்கிறார். காற்று திரும்பி புகை இவர்கள் பக்கம் வந்திருக்கிறது. இருமினார். "ஒண்ணுமில்ல, தூசு" என்றாராம். அதற்கப்புறம் கந்தக ஆவி கிளம்பும் பாதையிலும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். இவர்கள் தங்கியிருந்த ஹோட்டல் மேற்குக் கரையில், கோனாவில். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்ஹேலர் அங்கே, பெரிய பெட்டியின் அடியில்.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "டாக்டரம்மா... நல்லா... இருக்கேனுங்க..." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாதவரை ஹோட்டலுக்குக் கூட்டிப் போகக் கூடாது. 911-ஐ அழைக்கச் சொன்னேன். நெபுலைசர், ஸ்டீராய்டு, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில். தேறிவிட்டார்.

ஊர் திரும்பி வந்து சொன்னார்: "பையன் அத்தனை காசு போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கான். நடுவுல எனக்கு முடியலைன்னு எப்படிங்க சொல்றது?"

நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

கிலாவேயா 2024 டிசம்பர் 23-இலிருந்து விட்டுவிட்டுப் பொங்கிக்கொண்டிருந்தது. சில முறை தீக்குழம்பு 300 மீட்டருக்கு மேல் பீய்ச்சியடித்தது. வெளியே வருவது தீக்குழம்பு மட்டுமில்லை, சல்ஃபர் டையாக்சைடும் வருகிறது. அந்த வாயு ஈரத்தோடும் வெயிலோடும் சேர்ந்து நுண்துகள் பனிமூட்டமாகிறது. அங்கே அதற்கு 'வாக்' என்று பெயர். வீசிங் உள்ளவர்களுக்கு அந்த வாயு பட்டால் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் சுருங்கும். கொரோனா காலத்து என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. "மாஸ்க் போட்டுக்கிட்டோமே" என்று நிம்மதியாக நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

வழக்கமாக அங்கே வடகிழக்குக் காற்று. அது வாக்கைத் தென்மேற்கே தள்ளி, மலையைச் சுற்றிக் கோனா பக்கம் கொண்டு போகும். அந்த ஆசிரியர் திரும்பி வந்த சாலையும் அதே வழிதான். அதனால் 'புதன்கிழமை எரிமலை' என்று பிள்ளைகள் கலிஃபோர்னியாவிலேயே எழுதி வைத்துவிட்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு நாளை விட்டுவையுங்கள். ஹவாய் சுகாதாரத் துறையின் காற்றுத் தரப் பக்கத்தைக் காலையில் பார்த்து, நல்ல நாளில் போங்கள். பெரியவர்கள் புகை போகும் பக்கத்தில் இல்லாமல், காற்று வரும் பக்கத்தில் நிற்கட்டும். கந்தக ஆவிப் பாதையை வீசிங், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் விட்டுவிடலாம். தீவில் பார்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது. எரிமலையிலிருந்து பறந்து வந்து தரையில் கிடக்கும் பொன்னிற நார்களைப் 'பெலேயின் கூந்தல்' என்பார்கள். பெலே அங்கத்து எரிமலைத் தெய்வம். அழகாக இருக்கிறதென்று குழந்தைகள் கையில் எடுப்பார்கள். அது கண்ணாடி இழை. அதைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் தொல்லைதான்.

அடுத்தது அதே தீவில் இருக்கும் மௌனா கேயா மலை. உயரம் 4,207 மீட்டர். ஊட்டி 2,240. அந்த மலையில் பார்வையாளர் நிலையம் இருக்கும் 2,800 மீட்டரே நம் தொட்டபெட்டாவை விட உயரம். கடற்கரையில் காலை உணவு சாப்பிட்டுக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் உச்சியில் நிற்கலாம், வசதி அப்படி. உடம்பு அவ்வளவு வேகத்தில் பழகாது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே காட்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நிலையத்தைத் தாண்டிப் போகக் கூடாது. மற்றவர்களும் அங்கே குறைந்தது அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் ஏற வேண்டும். லேசான தலைவலி வரலாம். ஆனால் நடை தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே இறங்குங்கள். சிலிண்டர் கட்டி ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் 24 மணி நேரம் இந்த மலைப்பக்கமே போகக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகிவிடும். ராத்திரியில் மாண்டா திருக்கைகளை மேலே மிதந்தபடி ஸ்நார்க்கல் போட்டுப் பார்ப்பதற்கு இந்தக் கணக்கு இல்லை.

சுகர் உள்ளவர்களின் பாதம் பற்றி ஒரு சம்பவம். புனலூ கடற்கரையில் மணல் கருப்பு. தீக்குழம்பு கடலில் விழுந்து நொறுங்கிய மணல். பச்சை ஆமைகள் கரையேறி வெயில் காயும் இடம் அது. என்னிடம் பதினைந்து வருடமாக வரும் ஒரு அம்மா, கடலென்றால் செருப்பைக் கழற்றும் நம் வழக்கப்படி கழற்றிவிட்டு ஆமையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நடுப்பகல். பாதத்தில் உணர்ச்சி குறைவு என்பதால் சூடு தெரியவில்லை. ராத்திரி சாக்ஸ் ஈரமாக இருப்பதை மகள்தான் கவனித்திருக்கிறாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. அந்தப் புண் ஆற ஏழு வாரம் ஆனது. உறைந்த தீக்குழம்புப் பாறையும் அப்படித்தான், விளிம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு. மூடிய ஷூ கட்டாயம். ஆமையிடமிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

அதே ஷூவைக் காட்டுக்குள் நுழையும் இடத்தில் பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹால் தெளித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். அங்குள்ள ஓஹியா மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை 2014-இல் அடையாளம் காணப்பட்டது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவும். அந்த மரத்தின் சிவப்புப் பூவை நம்பித்தான் இஈவி என்கிற செந்நிறத் தேன்பறவை வாழ்கிறது. 1826-இல் கப்பல் தண்ணீரோடு வந்த கொசு பறவை மலேரியாவைப் பரப்பியது. நோயுள்ள கொசு ஒன்று கடித்தாலே பெரும்பாலான இஈவிகள் செத்துவிடும். கொசு ஏற முடியாத குளிர்ந்த மலைக்காட்டில்தான் இன்று மிச்சமிருக்கின்றன. நமக்கு மேலே போனால் மூச்சு முட்டுகிறது, அதற்கோ மேலே இருந்தால்தான் உயிர். அந்தக் குளிரும் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. ஒரு மருத்துவராக எனக்கு இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். இன்ஹேலர், அதோடு மாட்டி மருந்தை இழுக்க உதவும் குழாயான ஸ்பேசர், சுகர் மாத்திரை எல்லாம் தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள். கீரை, லெட்யூஸ் போன்றவற்றை நன்றாகக் கழுவாமல் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். நத்தை வழியாக மூளையைத் தாக்கும் ஒரு புழு அந்தத் தீவில் உண்டு. விசிட்டர் இன்சூரன்ஸில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

அப்புறம், "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் வரும். அதனால் வேறு மாதிரி கேளுங்கள். வீட்டில் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்துவையுங்கள். அங்கே எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தால் பேச்சே வேண்டாம், காரைத் திருப்புங்கள்.

அந்தக் கணக்கு ஆசிரியர் இந்த வருடம் மறுபடி போனார். இந்த முறை காவல் பேத்தி. அவருக்கு வீட்டில் முப்பத்தெட்டு. எரிமலைப் பூங்காவில் முதல் நாள் இருபத்தொன்று வந்ததும் அவள் எல்லோரையும் காரில் ஏற்றிவிட்டாள். மறுநாள் காற்று மாறியிருந்தது, முப்பத்தாறு. எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். புல்வெளியில் இரண்டு நேனே வாத்துகள் மேய்கின்றன. தூரத்தில் பெஞ்சில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஸ்பேசர்.