மழைக்கோட்டு போட்டு ஓடினால் கொழுப்பு கரையாது

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். வயது 46, திருப்பூரிலிருந்து மாற்றலாகி உதகைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. விடியற்காலையில் ஸ்வெட்டருக்கு மேல் பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு எல்க்ஹில் ஏற்றத்தில் ஓடியிருக்கிறார். பாதியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். என்னிடம் வந்ததோ முட்டி வீக்கத்துக்கு. கண் இருட்டியதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். முதலில் ஈசிஜி எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன்.

மழைக்கோட்டு எதற்கு என்று கேட்டேன். "வேர்த்தாத்தானே மேடம் கொழுப்பு கரையும்?"

பிசியோதெரபிஸ்டாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உடம்பு சூட்டைத் தணிக்க வெளியே விடும் தண்ணீரும் உப்பும்தான் வியர்வை. அதில் கொழுப்பு இல்லை. ஓடி முடித்ததும் எடை ஒரு கிலோ குறைந்திருக்கும், தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். எரிந்த கொழுப்பு பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் அந்தப் பத்தில் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் மீதி 1.6 கிலோ தண்ணீராகவும் வெளியேறும். உறைபனிக் காலத்தில் ஒரு பொட்டு வேர்க்காமல் நடப்பவருக்கும் கொழுப்பு எரிகிறது. மழைக்கோட்டு சூட்டை உள்ளேயே அடைத்து நாடித்துடிப்பை ஏற்றியதுதான் மிச்சம்.

சரி, மூச்சு முட்ட ஓடினால்? வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டு, சர்க்கரையை எரிக்கும் பக்கம் சாயும். கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். மெதுவாக நடக்கும்போது நிமிடத்துக்கு 4 கலோரி செலவாகி, அதில் 60 சதவீதம் கொழுப்பு என்றால் 2.4 கலோரி. விறுவிறு நடையில் 7 கலோரியில் பாதி என்றால் 3.5. மூச்சிரைக்க ஓடும்போது 11 கலோரியில் 20 சதவீதம் என்றால் 2.2. நடுவேகத்தில்தான் அதிகம்.

அந்த நடுவேகம் ஆளுக்கு ஆள் வேறு. தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடமாக மேடு ஏறி இறங்கும் அக்கா ஒருவர் தோள்வலிக்காக வருவார். எல்க்ஹில் ஏற்றத்தில் அவர் வீட்டுக்கதை பேசிக்கொண்டே ஏறுவார். அந்த வேகத்திலும் கொழுப்பை எடுத்து எரிக்க அவருடைய தசைகள் பழகியிருக்கின்றன. அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஏறினாலே திருப்பூர்க்காரருக்கு மூச்சு முட்டும், எரிவதில் பெரும்பங்கு சர்க்கரையாகிவிடும். அதோடு உதகை 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். கீழே லேசாக ஓடிய வேகம் இங்கே கடும் உழைப்பு. வாரக்கணக்கில் பழகப் பழக அந்த நடுவேகம் கூடிக்கொண்டே போகும், அதற்குப் பொறுமை வேண்டும்.

கைக்கடிகாரம் காட்டும் 'ஃபேட் பர்ன்' எண்ணை, அதாவது கொழுப்பு எரியும் என்று அது சொல்லும் நாடித்துடிப்பை நம்பி ஓடுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெரும்பாலும் அது 220-லிருந்து வயதைக் கழித்துப் போட்ட கணக்கு, உங்கள் பழக்கம் அதற்குத் தெரியாது. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவு ஏறாது. அந்த எண்ணை எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டாதீர்கள், தயவுசெய்து. அப்புறம், ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஓடிவிட்டு வந்து டீயோடு வர்க்கியை அடுக்கினால் எந்த வேகமும் உதவாது.

உங்கள் நடுவேகம் எது என்று தெரிய, நடக்கும்போது பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. புதிதாக மலைக்கு வந்தவர்கள் முதல் சில வாரம் சமதளத்தில் மட்டும் நடங்கள். இறக்கத்தில் ஓடவே ஓடாதீர்கள், முட்டியைக் கெடுப்பது அதுதான். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், கொழுப்பு எரியட்டும் என்று வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் நின்றுவிடுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

திருப்பூர்க்காரருக்கு ஈசிஜியில் கோளாறு எதுவும் இல்லை. இப்போது ஏரிப்பக்கம் மனைவியோடு பேசிக்கொண்டே நடக்கிறார். வீக்கம் வடிந்தபின் எல்க்ஹில்லுக்கு அனுப்புவேன், நடந்து ஏற.