கண்மாய்ச் சேற்று வண்டு: மருந்தடிக்கும் முன் ஒருமுறை பாருங்கள்

கண்மாய்த் தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். கரையோர ஈரச் சேற்றில் கோடுகோடாக மண் உப்பியிருக்கும். கிளறினால் சின்னப் பழுப்பு வண்டு. “சார், இது பிள்ளைப்பூச்சிக் குஞ்சா? நாற்றங்காலுக்கு வந்துருமா? என்ன மருந்து அடிக்கலாம்?” மாடக்குளம், மேலூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் இதே கேள்விதான்.

மருந்தே வேண்டாம். இது ஹெட்டிரோசெரிடே குடும்பத்துச் சேற்று வண்டு. பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். சேற்றில் வளை தோண்டி, அதிலுள்ள பாசியையும் மக்கிய தூளையும் தின்று வாழும். பயிருக்குப் பகை இல்லை.

அடையாளம் பார்க்க ஒரு கைலென்ஸ் போதும். பிள்ளைப்பூச்சிக் குஞ்சுக்கு நூல்போல நீண்ட உணர்கொம்பு இருக்கும், முதுகில் ஓடு இருக்காது. சேற்று வண்டுக்கு முதுகு முழுக்க ஓடு. அதில் பெரும்பாலும் மஞ்சளும் கறுப்புமாய் நெளிநெளியான பட்டைகள். உணர்கொம்பு கட்டையாக, நுனிப்பக்கம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னங்காலைத் திருப்பிப் பாருங்கள்: வெளி ஓரத்தில் வரிசையாகத் தடித்த முட்கள். அந்த முட்களைக் கொண்டுதான் மண்ணைத் தோண்டும். உடம்பெல்லாம் அடர்ந்த மென்மயிர் இருப்பதால் தண்ணீரில் அமுக்கினாலும் நனையாமல் மேலே வரும். பிடிக்க வேண்டுமானால் கரைச் சேற்றில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், தானாக வெளியே வரும்.

இன்னும் பொடிசாக, முதுகில் மண்ணை அப்பிக்கொண்டு நகரும் வண்டு கண்ணில் பட்டால் அது ஜியோரிசஸ் என்ற வேறொரு வண்டு. அசையாமல் இருந்தால் மண்துகள் என்றே நினைப்போம்.

சேற்று வண்டு மழைக்காலத்தில் விளக்குக்கும் வரும். கடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். அதே விளக்கடிக்கு வரும் பெடரஸ் வண்டிடம்தான் கவனம் வேண்டும்: ஒல்லியாக நீண்ட உடல், ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி, பாதி முதுகை மட்டும் மூடும் குட்டை ஓடு. தோலில் உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள். நசுங்கினால் அதன் நஞ்சு பட்டு, ஓரிரு நாளில் தோல் எரிந்து கொப்புளம் வரும். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வயலில் அதுவும் நமக்கு வேண்டிய பூச்சிதான், நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்னும்.

கரையில் மருந்தடித்தால் சேற்று வண்டு மட்டும் சாகாது. அங்கே இரை பொறுக்கும் உள்ளான் பறவைக்கும், தண்ணீரிலிருக்கும் மீனுக்கும் தவளைக்கும் சேர்த்துத்தான் கேடு.

படம் அனுப்புகிறவர்கள் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, முதுகு, வயிறு, முன்னங்கால் மூன்றையும் எடுத்து அனுப்புங்கள். குடும்பம் வரை சொல்லிவிடலாம். எந்த இனம் என்று சொல்ல, பெரும்பாலும் ஆண் வண்டை அறுத்து மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும்.