ஆரியங்காவில் வாங்கிய 510510

புளியரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மலையேறி ஆரியங்காவுக்குப் போய் கேரள லாட்டரி வாங்கினாராம். அவருக்கு 510510, கூடப் போன மச்சானுக்கு அடுத்த சீட்டு, 510511. "என் நம்பரைக் கூட்டினால் 3, குரு. மச்சானுக்கு 4, ராகு. நம்பருக்கு நிஜமாகவே குணம் உண்டா?"

குணம் நிறையவே உண்டு. குலுக்கல் இயந்திரத்துக்கு மட்டும் அது தெரியாது. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டிக் கிடைப்பது, அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் (9 வந்தால் மீதி 0). ஜோசியர் குரு என்று பெயர் வைத்து, காசும் வாங்குவது இந்த மீதிக்குத்தான்!

சரி, 510510-ஐ உடைப்போம். 510 இரண்டு தடவை வருகிறது. அப்படியென்றால் அது 510 × 1001. இந்த 1001 என்பது 7 × 11 × 13. மிச்சமுள்ள 510 என்பது 2 × 3 × 5 × 17. ஆக, 2 முதல் 17 வரையிலான ஏழு பகா எண்களும் ஒவ்வொரு முறை வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஏழு வெவ்வேறு பகா எண்களால் வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், ஐந்து லட்சத்தைத் தாண்டிய பிறகே இப்படியொன்று கண்ணில் படும். 714-ஐ 715-ஆல் பெருக்கினாலும் இதே எண் வரும் என்பது உபரி.

எனக்குப் பிடித்தது மச்சானின் சீட்டு. ஒன்றுதான் கூடியிருக்கிறது, ஆனால் ஏழு பேரும் காணாமல் போய்விட்டார்கள். 7-இன் மடங்குகள் ஏழேழாகத் தாவுபவை. 510510-இல் கால் வைத்த 7, அடுத்து 510517-இல்தான் வைக்கும். 2 கூட 510512-க்குத்தான் போகும். 510511-இல் இறங்க ஏழில் ஒன்றாலும் முடியாது. எதனால் வகுத்தாலும் மீதி 1.

கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் பற்றிக்கொண்ட இழை இதுதான். பகா எண்கள் இவ்வளவுதான் என்று யாராவது ஒரு பட்டியலை நீட்டினால், எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வரும் எண்ணுக்கும் ஒரு பகாக் காரணி இருந்தே ஆக வேண்டும். அது பட்டியலில் இருக்க முடியாது. எனவே எந்தப் பட்டியலும் முழுமையாகாது. கணக்கில் இதைவிடச் சிக்கனமான வாதத்தை நான் பார்த்ததில்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் பலரும் சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன்: அப்படியானால் 510511 பகா எண்ணாகத்தானே இருக்க வேண்டும்? 2 × 3 + 1 = 7, பகா எண். அப்படியே போனால் 31, 211, 2311 எல்லாம் பகா எண்கள். 13 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. அது 59 × 509. யூக்ளிட் சொன்னது புதுக் காரணி வரும் என்றுதான், அந்த எண்ணே பகா எண் என்று அல்ல.

பரிசு விழவில்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. சீட்டு இன்னும் மச்சானின் சட்டைப் பையில் இருந்தால், அதன் பின்பக்கத்தில் 510511-ஐ 19-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீதியில்லாமல் 26869 வரும். அதை 97-ஆல் வகுத்தால் 277.