பானெட்டுக்குள் கீச்சிடுவது எது?

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். நாலைந்து விநாடிகளில் தானாக அடங்கிவிடும். மழைக்காலம் என்றால் கொஞ்சம் நீளும். பட்டறைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும்: "பெல்ட்டு சார், மாத்திடலாம்." புது பெல்ட் போட்டதும் சத்தம் நின்றுவிடும். சில வாரங்களில் மறுபடியும் ஆரம்பிக்கும். கத்துவது பெல்ட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கத்த வைப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் வேறொரு பாகம்.

கிராங்க்‌ஷாஃப்ட்டின் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) முனையில் இருக்கும் புல்லிதான், அதாவது பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரம்தான், இந்த பெல்ட்டை இழுக்கிறது. பல கார்களில் ஒரே பெல்ட் வளைந்து வளைந்து போய் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சுற்றவைக்கிறது. பெல்ட்டின் உட்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் இருக்கும். முதுகில் 6பிகே1750 என்று அச்சிட்டிருந்தால் ஆறு வரிகள், நீளம் 1750 மி.மீ. என்று அர்த்தம். ஒவ்வொரு வரியும் சுமார் 40 டிகிரி கோணத்தில் ஆப்பு போலக் கூர்ந்து புல்லியின் பள்ளத்துக்குள் இறங்குகிறது. அதனால் தட்டையான பெல்ட்டுக்குக் கிடைப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பிடிப்பு இதற்குக் கிடைக்கும். வரிகள் தேய்ந்து நுனி பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு வேலை செய்யாது. பார்வைக்கு முழுசாகத் தெரியும் பெல்ட் வழுக்குவது இதனால்தான்.

பிடிப்பு போதாதபோது ரப்பர் சீராக வழுக்குவதில்லை. பற்றிக்கொள்கிறது, இழுபடுகிறது, விடுபட்டு நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. நின்ற நிலையில் இருக்கும் உராய்வு, நழுவும்போது இருக்கும் உராய்வைவிட அதிகம் என்பதால் வரும் விளைவு இது. வயலின் கம்பியை வில் ஒலிக்கச் செய்வதும் இதே வழியில்தான். பற்றி நழுவும் இந்த அதிர்வு, நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் விழுந்தால், தெருவே திரும்பிப் பார்க்கும்.

முதலில் வழுக்குவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் புல்லியில். அதுதான் அளவில் சின்னது. பெல்ட் அதைத் தொட்டுச் சுற்றும் பரப்பும் குறைவு. ஸ்டார்ட் செய்தவுடன் பேட்டரியில் குறைந்த மின்சாரத்தை அது நிரப்பியாக வேண்டும். ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், ப்ளோயர் எல்லாம் ஓடி 14 வோல்ட்டில் 70 ஆம்பியர் இழுத்தால் 980 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் அறுபது சதவீதம் அளவுதான் என்பதால் பெல்ட் சுமப்பது 1.6 கிலோவாட்டுக்கு மேல், அதாவது இரண்டு குதிரைத்திறனைத் தாண்டும். அந்த நேரத்தில் பெல்ட் ஈரமாகவும் குளிர்ந்து விறைத்தும் இருக்கும். பேட்டரி நிரம்ப நிரம்பச் சுமை குறைகிறது, சத்தம் அடங்குகிறது. பலவீனமான பேட்டரி பெல்ட்டைக் கத்த வைப்பதும் இப்படித்தான். ஆகவே பெல்ட்டை விலை பேசுவதற்கு முன் பேட்டரியைச் சோதித்துவிடுவது நல்லது.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். ஏசி போட்டதும், ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று மிதித்ததும் நீண்டு கீச்சிட்டால் வழுக்கல். பெல்ட் தளர்ந்திருக்கலாம், பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் சோர்ந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு புல்லி சுற்ற மறுக்கலாம். ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) குருவி போல விட்டுவிட்டுச் சத்தம் வந்து, வேகம் கூட்டினால் மறைந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு டிகிரி சாய்வே போதும். வரிகள் பள்ளத்துக்குள் பக்கவாட்டில் உரசியபடி நுழையும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது மட்டும் கத்தினால், அந்தப் பம்ப்பின் சுமையில் பெல்ட் வழுக்குகிறது. மின்சார ஸ்டீயரிங் உள்ள வண்டியில் இந்தக் கேள்வியே கிடையாது.

விட்டுவிட்டு வரும் சத்தத்தை எண்ணிப் பார்க்கலாம். கிராங்க் புல்லியின் விட்டம் 140 மி.மீ., ஐட்லிங் 800 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால் பெல்ட் விநாடிக்கு 5.9 மீட்டர் ஓடுகிறது. 1750 மி.மீ. பெல்ட் விநாடிக்கு மூன்று முறையைச் சற்றுத் தாண்டிச் சுற்றி வரும். அதே நேரத்தில் கிராங்க் புல்லி 13 சுற்று, 55 மி.மீ. ஆல்டர்னேட்டர் புல்லி 34 சுற்று. ஆக, விநாடிக்கு மூன்று என்று எண்ண முடிகிற கீச்சு பெல்ட்டின் ஒரே இடத்திலிருந்து வருகிறது: ஒரு வெட்டு, ஒட்டிய கல், எண்ணெய் பட்ட இடம். எண்ண முடியாதபடி உறுமலாகக் கேட்டால் ஏதோ ஒரு பேரிங், அதாவது புல்லியைத் தடையின்றிச் சுழலவிடும் பாகம்.

இனித் தண்ணீர்ச் சோதனை. செலவே இல்லாதது, பலர் செய்யாமல் விடுவது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் நின்று, சில விநாடி கழித்துத் திரும்பினால் புல்லிகள் நேராக இல்லை. பக்கவாட்டு உரசலைத் தண்ணீர் மழுப்பியிருக்கிறது. தெளித்தவுடன் சத்தம் கூடினால் வழுக்கல். இருந்த கொஞ்சப் பிடிப்பும் போய்விட்டது. பேரிங் சத்தம் என்றால் எந்த மாற்றமும் இராது. கையையும் துப்பட்டாவையும் தள்ளியே வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கிளம்பும்.

தண்ணீருக்குப் பதிலாக துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடிப்பவர்கள் உண்டு. இன்றைய பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். வெயிலையும் சூட்டையும் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். சோப்பும் மெழுகும் அவ்வளவு மோசமில்லை, ஆனால் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். ஈபிடிஎம் பழைய நியோப்ரீன் போல வெடிப்பு விடாமலேயே தேய்வதால், "வெடிப்பில்லை, நல்லா இருக்கு" என்ற தீர்ப்பையும் நம்ப வேண்டாம்.

டென்ஷனரைப் பார்க்க, ஐட்லிங்கில் அதன் கையைக் கவனித்தால் போதும். லேசாக நடுங்குவது இயல்பு. கண்ணுக்குத் தெளிவாகத் துள்ளினால் உள்ளே இருக்கும் உராய்வுத் தணிப்பான் போய்விட்டது. டீசல் வண்டிகளில் இன்னொரு குற்றவாளி உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை எரிப்பு நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வேகம் துள்ளி இறங்கும். இதைச் சமாளிக்க ஆல்டர்னேட்டரில் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் புல்லி இருக்கும். அது இறுகிவிட்டால் டென்ஷனர் துள்ளும், பெல்ட் கத்தும். டென்ஷனரை மாற்றியும் பயனிராது. பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் உள்சுழலியைப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று ஓட வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும்.

டென்ஷனர் இல்லாமல் போல்ட்டால் இறுக்கும் பழைய முறை என்றால், நீளமான பகுதியின் நடுவில் சுமார் 10 கிலோ விசையில் அழுத்தி எவ்வளவு உள்வாங்குகிறது என்று அளக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சத்தம் நிற்கட்டும் என்று கண்டபடி இறுக்கினால் சத்தம் நிற்கும். ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

எதிலும் பிடிபடவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடலாம். வாட்டர் பம்ப் நின்றிருக்கும் என்பதால் அதற்கு மேல் கூடாது. எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் வேறு, அதில் கை வைக்கவே கூடாது. சத்தம் போய்விட்டால் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். நெறுநெறுவென்று உரசுவது, பக்கவாட்டில் ஆடுவது, நின்று நின்று சுற்றுவது எல்லாம் பேரிங் தேய்மானம். சத்தம் போகாவிட்டால் தேடல் வேறு இடத்துக்குப் போகிறது. ஐட்லிங்கில் விசிலும் கீச்சும் கலந்து வந்து, ஆயில் மூடியைத் தளர்த்தியதும் நின்றால், கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். கிளட்ச் மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் போனால் கியர்பாக்ஸின் முன் பேரிங். வண்டி ஓடும்போது மட்டும் கீச்சிட்டு, பிரேக் மிதித்ததும் நின்றால் அது எஞ்சினே இல்லை; பிரேக் பேட் தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு டிஸ்கில் உரசுகிறது.

இவற்றில் காத்திருக்கக் கூடாதது வாட்டர் பம்ப். அதன் அடியில் இருக்கும் சிறு துளையில் கூலன்ட் காய்ந்த கறை தெரிந்து, புல்லியும் ஆடினால், பட்டறை வரை ஓட்டிப் போகவும் வேண்டாம், இழுத்துப் போகச் சொல்லுங்கள். பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். முதலில் பேட்டரி விளக்கு எரியும், பிறகு சூட்டுமானியின் முள் ஏறும். அந்த விளக்கைப் பார்த்தவுடன் எஞ்சினை நிறுத்தினால் செலவு ஒரு பம்ப்போடு போகும். முள் சிவப்பைத் தொட்ட பிறகு நிறுத்தினால் சிலிண்டர் ஹெட்டையும் கழற்ற வேண்டி வரலாம்.