கிணற்றுக்குள் இறங்கும் இரண்டாவது ஆள்

தருமபுரி மாவட்டத்தில் தீயணைப்போராகப் பணியில் சேர்ந்தபோது, வேலை முழுக்க நெருப்போடுதான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முதல் கோடை முடிவதற்குள் அந்த எண்ணம் கலைந்துவிட்டது. கிணற்றில் விழுந்த பசு, சமையலறைக்குள் புகுந்த பாம்பு, புளியமரத்தில் கதண்டுக் கூடு, தொப்பூர் கணவாயில் நசுங்கிய லாரிக்குள் சிக்கிய ஓட்டுநர் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் துறையின் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' என்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பெருநகரங்கள் சிலவற்றில் தீயை அணைக்க ஒரு பிரிவு, மீட்புக்கு ஒரு பிரிவு, கட்டடச் சோதனைக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். எங்களிடம் காலையில் பள்ளியில் செயல்விளக்கம் காட்டியவரேதான் மதியம் வைக்கோல் லாரித் தீக்கும், மாலையில் கிணற்றுக்கும் போகிறார்.

அந்தக் கிணற்றைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது ஆழக் கிணறுகளின் மாவட்டம். 2020ஆம் ஆண்டு பாலக்கோடு வட்டம் பஞ்சப்பள்ளி அருகே ஒரு யானையே கிணற்றில் விழுந்து, கிரேன் கொண்டுவந்து தூக்க வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு அச்சம் தருவது விழுந்தவரைவிட, அவரைக் காப்பாற்ற இறங்குகிறவர்தான். நாள்பட மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். தூர் வார இறங்கியவர் மயங்குவார், மேலே நிற்கும் தம்பி பதறி இறங்குவார், அவரும் மயங்குவார். விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். உள்ளே டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு தங்கியிருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, விளக்கையும் அணைக்காது. முதுகில் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் இல்லாமல் நாங்களே இறங்குவதில்லை. விழுந்தவருக்கு நினைவிருந்தால் கயிற்றை இறக்கிக் கொடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தீப் பாதுகாப்புக்கான தடையில்லாச் சான்று கேட்டு எங்களிடம் வரும் சில கடைக்காரர்கள் அதை ஒரு முத்திரைத் தாளாகவே பார்க்கிறார்கள். "ஒரு கையெழுத்துதானே சார்" என்பார்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 2023 ஜூலை 29 அன்று பட்டாசுக் கடை வெடித்தபோது அக்கம்பக்கக் கட்டடங்களும் சேர்ந்து இடிந்தன. அதன்பிறகு கடைக்கும் அடுத்த கட்டடத்துக்கும் உள்ள இடைவெளியை நான் நாடா வைத்தே அளக்கிறேன். சிலருக்கு அதில் என்மேல் வருத்தம்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருவது. அந்த வாரத்தில் எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவோம். சீறி எழும் தீயைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆசிரியர்கள் இரண்டடி பின்னால் போவார்கள். சட்டியைத் தட்டால் மூடி, அடுப்பை நிறுத்தினால் போதும்.

101 அல்லது 112க்கு அழைக்கும்போது ஒரு வேண்டுகோள். "மாரியம்மன் கோயில் பக்கம், சீக்கிரம் வாங்க" என்பார்கள். எந்த ஊர் மாரியம்மன் என்று கேட்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரை முதலில் சொல்லுங்கள். தார்ச்சாலையிலிருந்து மண்பாதை பிரியும் இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள்; இரவென்றால் கையில் டார்ச்சோடு.