அந்த ஒன்பது விநாடி எங்கே?

எபிசோடு வெளியான மறுநாள் காலை, செம்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தபோது தாராவி அக்காவிடமிருந்து போன். அவரும் நாங்குநேரிப் பக்கம் ஊரில் இருக்கும் அவருடைய தம்பியும் 17 வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, அப்புறம் பேசிக்கொண்ட கதையைத்தான் பாட்காஸ்டாகப் போட்டிருந்தோம். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, அப்பா செத்ததக்கூட எனக்குச் சொல்லலியேன்னு நான் கேட்டதும் அவன் பேசாம இருந்தாம்லா, அத எங்க?" என்றார்.

வெட்டிவிட்டேன். வேறென்ன சொல்ல.

விளம்பரம், டப்பிங் என்று 12 வருஷம் மும்பை ஸ்டுடியோக்களில் எடிட் செய்து வந்த பழக்கதோஷம். அரை விநாடிக்கு மேல் சத்தமில்லாத இடத்தையெல்லாம் தானாகவே சுருக்கித் தரும் வசதி பல மென்பொருள்களில் உண்டு, அதை முதல் சுற்றிலேயே ஓட்டிவிடுவேன். வீட்டுக்குப் போய் அசல் பதிவைத் திறந்து பார்த்தேன். கேள்விக்கும் தம்பியின் "தப்புதாம்க்கா"வுக்கும் நடுவில் ஒன்பது விநாடி. என் எபிசோடில் அது அரை விநாடியாகியிருந்தது. ஒன்பது விநாடி கழித்து வந்தால் அது மன்னிப்பு. உடனே வந்தால் லோக்கல் ரயிலில் காலை மிதித்தவன் சொல்லும் 'ஸாரி'. சொன்னவர் அவரேதான், சொல்லும் அதே சொல்தான், நான்தான் அதைப் பொய்யாக்கியிருந்தேன்.

சினிமாக்காரர்கள் இதற்குக் குலெஷோவ் விளைவு என்பார்கள். ரஷ்யரான லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்ட, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்களாம். ஒலியில் இது இன்னும் சுலபம், முகம்கூட வேண்டாம். ஒரு பெருமூச்சை எடுத்து வேறொரு கேள்விக்குப் பின்னால் வைத்தால் போதும், யாரையும் குற்றவாளியாக்கலாம்.

அதனால் இப்போது குடும்பக் கதை என்றால் அந்தச் சுருக்கும் வசதியைத் தொடுவதில்லை. பதிவு முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் ஒரு நிமிஷம் அறையின் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், இதை ரூம் டோன் என்போம், வெட்டிய இடத்தில் ஒட்டுத் தெரியாமல் பூசுவதற்கு. இந்தப் பதிவு நடந்த அக்கா வீடு தாராவியில் தொண்ணூறடி ரோடு பக்கம், மே மாசம், ஃபேனை நிறுத்தச் சொன்னால் நாங்களே எழுந்து ஓடியிருப்போம். ஃபேன் ஓடியது, அடுத்த வீட்டுக் குக்கர் கத்தியது, எல்லாம் பதிவாகட்டும் என்று விட்டுவிட்டோம். எபிசோடின் மொத்த ஒலி அளவை ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்கிற மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவருவது வேறு, அக்காவின் முனகலையும் தம்பியின் சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு இழுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால், யார் யாருக்குப் பயந்தார்கள் என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சரி, கதைசொல்லிக் குரல் எதற்கு? அமெரிக்காவில் ஸ்டோரிகார்ப்ஸ் என்று 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஒரு சிறு அறையோடு தொடங்கினார்கள். நெருங்கிய இரண்டு பேர் 40 நிமிஷம் பேசுவார்கள், அதிலிருந்து சில நிமிஷங்களை எடுத்து ஒலிபரப்புவார்கள், பெரும்பாலும் நடுவில் தொகுப்பாளர் குரலே இருக்காது. சின்னத் துண்டுக்கு அது போதும். நம் குடும்பச் சண்டைகளுக்குப் போதாது. முதல் சிக்கலே உறவுமுறை. ஒரே ஆள் ஒருவர் வாயில் மச்சான், இன்னொருவர் வாயில் சித்தப்பா, மூன்றாமவர் வாயில் வெறும் 'அவன்'. முகம் தெரியாத ஊடகத்தில் மூன்று பேர் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். கதைசொல்லி ஒருவருடைய இடத்தில் உட்கார்ந்து, கடைசிவரை அந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அழைக்க வேண்டும். நாங்கள் அக்காவின் இடத்தில் உட்கார்ந்தோம். அதுவே ஒரு சாய்வுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது, அவர்கள் தாங்களாகச் சொல்லிக்கொள்ளாத விவரம். சண்டை பூர்விக வயலில் பங்கு கேட்டதால் வந்தது. அக்காவுக்கு 1986இல் கல்யாணம். 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. 2005இன் மத்தியச் சட்டம்தான் அந்த வேலியை எடுத்தது. ஆக, "கட்டிக் கொடுத்தாச்சு, பங்கு கிடையாது" என்று தம்பி காலமெல்லாம் கேட்டு வளர்ந்தது ஒருகாலத்தில் சட்டமாகவே இருந்தது, 2005 சட்டம் வந்த மறுவருஷம் பங்கு கேட்ட அக்காவும் பேராசைக்காரி இல்லை. இதை நாலு வாக்கியத்தில் கதைசொல்லி சொன்னதும் கதையில் வில்லன் இல்லாமல் போய்விட்டான். கதைசொல்லியின் வேலை அவ்வளவுதான். "கண்கள் குளமாயின" என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்தால் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிடுவேன். அழுகை கேட்கிறதே, அப்புறம் வர்ணனை எதற்கு, அதன் அடியில் வீணை எதற்கு?

தமிழில் இன்னொரு வசதி இருக்கிறது. முதல் அரை மணி நேரம் தம்பி, அக்காவை 'அவங்க' என்றார், 'பம்பாய்க்காரங்க' என்றார். எங்கோ ஒரு இடத்தில், சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது, அவரையறியாமல் 'எக்கா' வந்து விழுந்தது. சமாதானம் நடந்தது அங்கேதான் என்பது என் கட்சி. கேட்பவருக்குக் குழப்பும், ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். விடவில்லை.

பதிவுக்கு வராத ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார். இங்கே தம்பி மனைவி. இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி பழியை அவர் தலையில் இறக்கினார்கள். போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, அத்தனை வருஷமும் தீபாவளிக்குத் தீபாவளி தம்பிக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தது அந்தம்மாதான். மொத்த எபிசோடையும் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டுக்கும் மைக்கோடு யாராவது வரலாம். வெளியிடும் முன்பு முழுசாகக் கேட்கக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பயப்படவும் வேண்டாம். ஒப்புதல் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது, அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அக்காவுக்கு அப்படிப் போட்டுக் காட்டியிருந்தால் அந்தப் போனே வந்திருக்காது.

ஒன்பது விநாடியைத் திரும்ப வைத்து எபிசோடை மாற்றிப் போட்டோம். ஒரு வாரத்தில் மூன்று பேர் எழுதினார்கள், நடுவில் ஓரிடத்தில் ஆடியோ நின்றுவிடுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்று. நிற்கவில்லைங்க. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.